மேடையைக் கொஞ்சம் சின்னதாக்குவோம்

(சித்திரைப் பௌர்ணமிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு கடலோர ஊரின் அம்மன் கோயில் வாசலில் நடந்த விழாக்குழுக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் இழுத்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

ஊரை நடத்தும் நாட்டார்களே, அக்கா தங்கச்சிகளே, பின்னால் பைக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று முன்னாடியே சொல்லியிருந்தேன், போட்டுவிட்டீர்கள். இந்த வெக்கையில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசமுடியும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விழா நோட்டீஸைப் பார்த்தேன். 40 அடி மேடை, எல்.இ.டி. திரை, சென்னையிலிருந்து இசைக்குழு, வரிசையாகப் போட்டோ போட்டு 16 சிறப்பு விருந்தினர்கள். இதில் நம்மூர் சனம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கடைசி வரியில் இருந்தது: 'அனைவரும் வருக.' அதாவது வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியது. விழா நம்முடையது, நமக்கு வேலை கைதட்டுவது! இது எனக்குச் சரியாகப் படவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கடற்கரையில் விழா எடுப்பது நமக்குப் புதுப் பழக்கமா என்ன? பைக்கை எடுத்தால் வடக்கே பூம்புகார். சித்திரை முழுநிலவோடு வரும் இந்திர விழா அங்கே 28 நாள் நடந்ததாக மணிமேகலை சொல்கிறது. 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் போயிருப்போம், கண்ணகி கதையை 49 கற்சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான். அந்த விழா என்றதும் நம் மனசில் வருவது மாதவியின் ஆட்டம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. மாதவி 11 வகை ஆடல் ஆடினாள், ஊர் பார்த்தது, நோட்டீஸ் போட்டிருந்தால் அவள் படம்தான் நடுவில் இருந்திருக்கும்.

ஆனால் சிலம்பில் விழா முடிகிற நேரத்தில் ஒரு ராத்திரி வருகிறது. கோவலன் கோவேறு கழுதை மேலும் மாதவி வண்டியிலுமாகக் கடலாடக் கிளம்பிக் கரைக்கு வருகிறார்கள். அங்கே கடற்கரை எப்படி இருந்தது என்று சொல்ல வந்த இளங்கோ, யார் யார் விளக்கு வைத்திருந்தார்கள் என்று பட்டியல் போடுகிறார். சந்தனமும் பூவும் பொடியும் விற்பவர்கள் வைத்த விளக்கு. நகைவேலை செய்யும் கம்மியர் விளக்கு. பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கடை வைத்த பெண்களின் விளக்கு, நடுநடுவே மீன் விற்பவர் விளக்கு. அப்புறம் கலங்கரை விளக்கம், கடலுக்குள் வலை போட்டிருக்கும் பரதவர் படகு விளக்கு, வேற்றுமொழி பேசும் வெளிநாட்டார் விடியவிடிய எரியவிட்ட விளக்கு, பண்டகசாலைக் காவல்காரர் விளக்கு. எண்ணிப் பார்த்தேன், 10 வகை. இத்தனையும் சேர்ந்த வெளிச்சத்தில், மாவு மாதிரி இருக்கும் நுண்மணலில் ஒரு வெண்கடுகு விழுந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்.

ராஜகுமாரர்களும் பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் அதே கரையில்தான் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் பட்டியலில் அவர்கள் இல்லை, பாருங்கள். வெளிச்சம் முழுக்க வேலை செய்கிறவன் கொண்டு வந்தது.

சரி, பழங்கதை போதும், நம்ம கணக்குக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்காக வைத்தது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை, ஆனால் விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கிறது, ஃபைபர் போட்டும் கட்டுமரமும்தான் போகின்றன, பாதிப் பையன்கள் கேரளாவுக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டும் வலையைச் சரிபார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். வருஷத்தில் நம் கையில் காசு இல்லாத மாதமும் இதுதான், நேரம் இருக்கிற மாதமும் இதுதான். நாம் என்ன செய்கிறோம்? தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு இல்லாத காசைக் கேட்கிறோம், இருக்கிற நேரத்தைக் கேட்பதே இல்லை. வசூலித்த காசை வேன் வாடகை, ஜெனரேட்டர், எல்.இ.டி. என்று மொத்தமாக மெயின்ரோடு ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, விழா பிரமாதம் என்று படுத்துக்கொள்கிறோம்.

அதே ராத்திரி 40 கடை போட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். நம்மூர் அக்காமார்கள் தினமும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடம் கேட்டு, மீன் நாறுது என்று கண்டக்டரிடம் பேச்சு வாங்கி, எங்கெங்கோ போய் விற்கிறார்கள். அன்றைக்கு ஒருநாள் வாங்குகிறவன் இங்கே வருகிறான். சுறாப்புட்டு, நெத்திலி வறுவல், இறால் வடை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், நுங்கு. சித்திரை வெயிலில் வெந்துபோய்க் கடற்காற்றுக்கு வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவன் பாட்டுக்கச்சேரியைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்வான், சுறாப்புட்டு செல்போனில் வராது.

தம்பிகள் முறைக்கிறீர்கள், தெரிகிறது. இசைக்குழுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேடையைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள் என்கிறேன். வாலிபால் போட்டி அப்படியே இருக்கட்டும், கபடியும் இருக்கட்டும், அதில் ஆடுவது நீங்கள்தானே.

இன்னொரு சங்கதி, இது நான் கண்ணால் பார்த்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்களும் சித்திரைப் பௌர்ணமிக்குத்தான் விழா வைத்தார்கள். பந்தல்காரர் மத்தியானம் வந்தார், தண்ணீர் எங்கேயோ இருந்தது, அதை நம்பி மணலில் மேடையையும் முன்வரிசை நாற்காலிகளையும் போட்டுவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு அலை வந்து முன்வரிசையின் காலை நனைத்தது. வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர்களைப் பார்த்துப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நம் கரையில் ஓதம் அப்படி ஒன்றும் பெரிதில்லை, ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஏறி இறங்கும், ஆனால் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மற்ற நாளைவிடக் கூடுதலாக ஏறும் என்பது அந்தக் கிழவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்! ஆகவே கடை எங்கே, மேடை எங்கே என்று கோடு கிழிக்கிற வேலையை நம்மூரில் கடலுக்குப் போய் ஓய்ந்த பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கடலில் குளிக்க இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்பது கயிறு கட்டி நிற்கும் காவலரைவிடப் படகில் போகிற பையனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு ஃபைபர் போட், பத்துப் பையன்கள், மிதவை. சும்மா வேண்டாம், எல்.இ.டி. காசிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.

எங்காவது இப்படி நடக்கிறதா என்று கேட்பீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் வல்வெட்டித்துறை இருக்கிறது. கப்பல் கட்டிய ஊர். அவர்கள் கட்டிய அன்னபூரணி என்கிற பாய்மரக் கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவின் தீர்த்தம் சித்திரா பௌர்ணமியில் வரும், அன்று இரவு ஊரே கொண்டாடுகிற விழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இந்திர விழா. காகிதத்தை ஒட்டிப் பெரிய கூடு மாதிரி செய்து, உள்ளே புகையை நிரப்பி வானத்தில் ஏற்றி விடுவார்கள், புகைக்குண்டு என்பார்கள். காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள் செய்வதில்லை, ஊர்க்காரர்களே ஒட்டுவது. அதே ஊர்க்காரர்கள்தான் தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி வைத்து விதவிதமாக ஏற்றுகிறார்கள். கை பழகிய ஊர்.

இப்போது என் பேச்சிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள். விளக்கு விளக்கு என்கிறேன், பங்குனி ஆமை என்ன ஆவது? தையிலிருந்து அது கரையேறி முட்டையிடும், ஒரு குழிக்கு நூறு முட்டைக்குப் பக்கம், 45 முதல் 60 நாளில் பொரிக்கும். ஆகச் சரியாக இந்தப் பங்குனி சித்திரையில்தான் குஞ்சு வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். மனுஷன் விளக்கு வைக்காத காலத்தில் அது கடலாகத்தான் இருந்திருக்கும். இப்போது தெருவிளக்கைப் பார்த்து ஊருக்குள் ஏறி, நாய்க்கும் காக்காய்க்கும் இரையாகிறது. சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரி கரையில் நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

அதனால் கடைகள் கரையேற்றி நிற்கும் விசைப்படகுகளுக்கு மேற்கே, ஊர்ப்பக்கம் இருக்கட்டும். தடைக்காலத்துப் படகு வரிசை நல்ல மறைப்பு. கடலைப் பார்த்து ஒரு ஃபோகஸ் லைட்டும் வேண்டாம். கிழக்குக் கரையில் பிறந்த நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பௌர்ணமியன்று பொழுது சாயும்போதே எதிரே கடலிலிருந்து நிலா எழும்பும். வாடகை இல்லாத விளக்கு, டீசலும் வேண்டாம். ஆமைக்குஞ்சுக்கும் அதுதான் வழி. நிலா ஏறுகிற அந்த அரைமணி நேரம் மைக்கை அணைத்துவிட்டால் நானே சந்தோஷப்படுவேன், 16 சிறப்பு விருந்தினரும் அந்த அரைமணி நேரம் பேசாமல் இருப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

மணிமேகலையில் விழாவுக்கு முரசறைகிறவன் யானை மேல் வந்து என்னவெல்லாம் சொல்கிறான் தெரியுமா? தெருவில் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் பரப்புங்கள் என்கிறான். விழா முடிந்த மறுநாள் நம் கரையில் பிளாஸ்டிக் கப்பை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு நல்ல யோசனை என்று புரியும். பட்டிமண்டபத்தில் வாதம் செய்ய ஏறுங்கள் என்றும் சொல்கிறான், ஆகவே நோட்டீஸில் இருக்கும் பட்டிமன்றத்தை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடைசியில், உங்களுக்கு ஆகாதவர்கள் எதிரே வந்தாலும் சண்டை வளர்க்காமல் விலகிப் போங்கள் என்கிறான். அந்த விழாவை ராஜா மறந்ததால்தான் ஊரைக் கடல் கொண்டது என்றும் அந்தக் கதை போகும். 2004-ஐப் பார்த்த இந்தக் கரையில் நின்று அதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, கடல் விழாக் கணக்குப் பார்த்து வருவதில்லை. அதை விடுங்கள். சண்டை விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுருக்குமடி வலைத் தகராறில் பக்கத்து ஊரோடு நாம் பேச்சை நிறுத்தி எத்தனை வருஷம் ஆகிறது? அங்கே கட்டிக்கொடுத்த நம் பெண்கள் எத்தனை பேர்? விருந்தினர் வரிசையில் இரண்டு பெயரை எடுத்துவிட்டு அந்த ஊர் நாட்டார் இரண்டு பேரைப் போடுங்கள், அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாம்பாளத்தோடு நேரில் போங்கள். அவர்கள் வராவிட்டாலும் வாலிபாலுக்கு அவர்கள் டீம் வந்தால் போதும், ஜெயித்தாலும் பரவாயில்லை. தம்பிகள் இப்போதும் முறைக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை, அந்த நோட்டில் வரிக்குப் பக்கத்தில் இன்னொரு பக்கம் போடுங்கள். யார் என்ன கடை, எந்த இடம், என்ன விளக்கு. முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்: பட்டாணி சுண்டல் ஒரு அண்டா, அரிக்கேன் விளக்கு ஒன்று. மாங்காய் மட்டும் யாராவது கொடுத்தால் நல்லது, எங்கள் வீட்டு மரம் இந்த வருஷம் காய்க்கவில்லை.