அயர்லாந்தின் பிள்ளை டாம் கெட்டில்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். 'டாம் கெட்டில்: அயர்லாந்தின் பிள்ளையா, பேரரசின் சிப்பாயா?' பிள்ளைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

1880இல் டப்ளின் பக்கம் பிறந்தவர், அயர்லாந்து பிரிட்டிஷ் பேரரசின் பிடியில் இருந்த காலம் அது. அப்பா ஆண்ட்ரூ கெட்டில், குத்தகை விவசாயிகளுக்காக நிலச் சங்கம் கட்டியவர்களில் ஒருவர். மகன் வக்கீலுக்குப் படித்தார், 1906இல் கிழக்கு டைரோன் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எம்.பி. ஆனார். அப்புறம் பொருளாதாரப் பேராசிரியர், கட்டுரையாளர், கவிஞர். இதிலெல்லாம் எதிரணிக்கும் தகராறு இல்லை.

ஆனால் எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒன்று கேட்டார், அரங்கமே கைதட்டியது. "தேசியவாதி என்கிறீர்களே, செத்தபோது உடம்பில் கிடந்தது பிரிட்டிஷ் ராணுவச் சட்டைதானே?"

சட்டைதான் அம்மா. அது எப்படி உடம்பில் ஏறியது என்று கேளுங்கள்.

1914. தேசியவாதிகள் கட்டிய அயர்லாந்துத் தொண்டர் படையில் ஆள் இருக்கிறது, துப்பாக்கி போதவில்லை. வாங்கிவர யாரை அனுப்பினார்கள்? கெட்டிலை! எங்கே? பெல்ஜியத்துக்கு. சட்டம் படித்தவர், நாடாளுமன்றத்தில் பேசியவர், வகுப்பில் பாடம் நடத்தியவர், அந்நிய ஊரில் நின்று துப்பாக்கிக்கு விலை பேசுகிறார். யாருக்காக அம்மா? பேரரசுக்காகவா? அங்கே அவர் இருக்கும்போதே, ஆகஸ்டு மாதம், முதல் உலகப்போர் வெடித்து ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. துப்பாக்கி வாங்கப் போனவர் பத்திரிகை நிருபராகி, அந்த நாடு சீரழிவதை எழுதினார். லூவென் பல்கலைக்கழக நூலகம் எரிந்து சாம்பலானதும் அதே மாதம்தான். சின்ன நாட்டைப் பெரிய நாடு மிதிக்கிறது. அயர்லாந்துக்காரன் கண்ணுக்கு இது புதுக் காட்சியா நடுவர் அவர்களே? ஜெர்மனியை எதிர்த்துப் போரில் இறங்கியது பிரிட்டன். பெல்ஜியத்துக்காகத்தான் அந்தச் சட்டை ஏறியது!

அம்மா விடவில்லை. "1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகாவது கழற்றியிருக்கலாமே?" என்றார். வலிக்கிற கேள்விதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த ஆயுதக் கிளர்ச்சி அது. அந்த ஏப்ரலில் கெட்டிலின் சகலை பிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டனை, விசாரணைகூட இல்லாமல், ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சுட்டுக்கொல்ல வைத்தார். ஸ்கெஃபிங்டன் ஆயுதம் தொடாதவர், கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தெருவில் இறங்கியவர். கெட்டில் உடம்பிலும் அதே ராணுவத்தின் சட்டை. எப்படி எரிந்திருக்கும் அது!

இன்று அம்மா கேட்டதை அவர் அன்றே சொல்லிவிட்டார்: எழுச்சிக்காரர்கள் வரலாற்றில் வீரர்களாக, தியாகிகளாக நிற்பார்கள், நான் நின்றால் பிரிட்டிஷ் அதிகாரியாகத்தான் நிற்பேன் என்று. பழி வரும் என்று தெரிந்தே பிரான்சுக்குப் போனார். ஊர் திரும்ப உடம்பு சுகமில்லாததே ஒரு வழி. பாதுகாப்பான பதவி இன்னொரு வழி. இரண்டையும் வேண்டாம் என்றார். தன்னோடு இருந்த டப்ளின் பையன்களை விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை.

நான் வாதாடியது போதும். செப்டம்பர் 4, பிரான்சில் சோம் போர்முனை. வீட்டில் மகள் பெட்டிக்கு மூன்று வயது. அவளுக்கு ஒரு கவிதை எழுதுகிறார். அப்பா ஏன் உன்னை விட்டுப் போனார் என்று நாளைக்குக் கேட்பாய் கண்ணே. கொடிக்காக இல்லை, அரசனுக்காக இல்லை, பேரரசனுக்காகவும் இல்லை. மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஒரு கனவுக்காக, ஏழைகளின் ரகசிய வேதத்துக்காக என்கிறார்.

ஐந்தே நாள். செப்டம்பர் 9, அதே போர்முனையில் ஜின்ஷி என்ற ஊரில் குண்டு பாய்ந்தது. வயது 36. அவருக்குக் கல்லறைகூட இல்லை அய்யா, தியெப்வால் நினைவுச் சின்னத்தில் வெறும் பெயர்.

பேரரசனுக்காக இல்லை என்று பெற்ற மகளுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைப் பேரரசின் சிப்பாய் என்று எழுதப்போகிறீர்களா நடுவர் அவர்களே? எழுதுவதாக இருந்தால், அந்தத் தீர்ப்பை அந்த மூன்று வயதுக் குழந்தையிடம் படித்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.