அச்சு இயந்திரம் வந்தது, அச்சடிப்பவர் வரவில்லை: சீகன்பால்கின் தரங்கம்பாடி

[திரையில்: தரங்கம்பாடிக் கடற்கரை, அலைக்குப் பின்னால் டேன்ஸ்போர்க் கோட்டை]

"தமிழில் முதல் புத்தகத்தை அச்சடித்தவர் சீகன்பால்கு." இந்த வரியைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. கொல்லத்தில் 1578லேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. புன்னைக்காயலில் 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. இரண்டும் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் வேலை. ஆனால் 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மரபு அறுந்துபோனது. அச்சு எழுத்தும் இல்லை, அதை வெட்டத் தெரிந்த கையும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியதுதான் தரங்கம்பாடியில் நடந்தது.

இந்த வீடியோவில் ஒரே ஒரு பொருளின் பின்னால் போகப்போகிறோம்: 1715இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, அதாவது பைபிளின் இரண்டாம் பகுதி. அதற்கு என்னென்ன வேண்டியிருந்தது, எது எங்கே சிக்கியது என்று பார்த்தால், பர்த்தலோமேயு சீகன்பால்கின் வாழ்க்கை முழுவதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

[திரையில்: வரைபடம், கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடி வரை ஒரு கோடு]

ஆள் ஜெர்மானியர், புராட்டஸ்டன்ட் மிஷனரி. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் 1682இல் பிறந்தவர். அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். காரணம், தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். 1705 நவம்பர் கடைசியில் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் அவருடைய தோழர் ஹென்றி புளூட்சோவும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள்.

வரவேற்பு ஒன்றும் இல்லை. அனுப்பியவர் அரசர், ஊரை நடத்தியதோ வணிகக் கம்பெனி. மதம் பேசுகிறவர்கள் வந்தால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் பயம். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது சிறைக்கதவாக வரும்.

முதல் தேவை, மொழி. கடற்கரை ஊர்களில் அப்போது போர்த்துகீசியம் வழக்கில் இருந்தது. இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: புளூட்சோவுக்குப் போர்த்துகீசியம், சீகன்பால்குக்குத் தமிழ். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' போட்டார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர் ஒரு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். ஜெர்மன் பதிவுகள் அவரை 'அலெப்பா' என்று எழுதுகின்றன, அழகப்பனாக இருக்கும்.

[திரையில்: ஒரு நாளின் நேரப்பட்டியல், ஒவ்வொரு வரியாக]

1708இல் எழுதிய கடிதத்தில் தன் நாளை அவரே கணக்குக் கொடுக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை, முன்பு கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. பக்கத்தில் இரண்டு பேர்: பொருள் சொல்ல ஓர் ஆசிரியர், புதுச்சொல் வந்தால் உடனே குறித்துக்கொள்ள ஓர் எழுத்தர். சாப்பிடும்போதும் யாராவது வாசிக்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஒரு மணி நேரம் மட்டும் ஓய்வு. மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடி தமிழ். இரவில் விளக்கொளியில் கண் கெடும் என்பதால் தானே படிக்க மாட்டார். இன்னொருவர் வாசிக்க, கேட்பார்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது அந்த எழுத்தர். புதுச்சொல்லை எங்கே, எந்த வாக்கியத்தில் பார்த்தோம் என்பதோடு அவர் எழுதி வைத்ததால்தான் அகராதி வளர்ந்தது. ஓலைச்சுவடிகளையும் தேடி வாங்கினார். 1708இல் தன்னிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்தார். அதில் 119 நூல்கள், திருக்குறளும் உண்டு. வந்து இரண்டே வருடத்தில்! அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார்.

[திரையில்: கோட்டையின் உள்ளே ஓர் அறை]

1708 அக்டோபர் 17, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். சுமார் ஒரு மாதம்தான். நவம்பரில் டேனிய ஆளுநர் ஹாசியுஸ் அவரைக் கைது செய்து டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் போட்டார். நான்கு மாதம் சிறை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்து, 1711 மார்ச் 21 அன்று முடித்தார்.

மொழிபெயர்ப்பில் பெரிய தலைவலி, சொல் தேர்வு. கடவுளுக்கு எந்தச் சொல்? இருக்கிற சொல் எல்லாவற்றிலும் ஒரு தெய்வத்தின் கதை ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தோலிக்கர் ஏற்கெனவே புழங்கிய 'சர்வேசுரன்' என்பதையே அவர் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த மிஷனரி பெப்ரீஷியஸ் 'பராபரன்' என்று மாற்றினார். நடையோ பேச்சுத் தமிழை ஒட்டியது. அதற்காக வீரமாமுனிவரிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் தரங்கம்பாடிக்காரர்கள். வீரமாமுனிவர் செந்தமிழை அளவுகோலாக வைத்துப் பார்த்தார். இவர்களோ வாசித்தால் தெருவில் புரிய வேண்டும் என்று நினைத்தார்கள். சில இடங்களில் அந்த நடை கரடுமுரடு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, பிரதி தயார். அச்சு?

[திரையில்: மரத்தாலான கை அச்சு இயந்திரம், கப்பல், பிரேசில் கடற்கரை]

லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அமைப்பு 1711இல் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பியது. கூடவே யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சாளர். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வரும் கப்பல், காற்றைப் பார்த்துப் பிரேசில் பக்கம் ஒதுங்கிப் போவது வழக்கம். ரியோ டி ஜெனிரோவில் அது பிரெஞ்சுக்காரரிடம் மாட்டிக்கொண்டது. கப்பலை மீட்டுப் பயணம் தொடர்ந்தபோது, நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதோடு வந்த எழுத்துகள் ரோமன் எழுத்துகள். தமிழ் ஒன்று கூட இல்லை. கம்பெனிப் படையில் அச்சுவேலை தெரிந்த ஒரு சிப்பாய் கிடைத்ததால், போர்த்துகீசிய நூல்களையாவது அடிக்க முடிந்தது.

தமிழ் எழுத்து ஜெர்மனியில், ஹாலே நகரில் வார்க்கப்பட்டது. இங்கிருந்து போன எழுத்து மாதிரிகளைப் பார்த்து, தமிழ் தெரியாத கைகள் செய்த வேலை.

[திரையில்: எழுத்து வார்க்கும் படிகள், அசைபடமாக]

எழுத்து வார்ப்பது எப்படி? ஒரு எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்தால் பள்ளமான அச்சு கிடைக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் வார்ப்புக் கருவியை வைத்து, ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்து. ஒரே எழுத்தை நூற்றுக்கணக்கில் ஊற்ற வேண்டும்.

தமிழில் கஷ்டம் எங்கே? 247க்கும் தனித்தனி அச்சு வேண்டியதில்லை. கால், கொம்பு இவற்றைத் தனியாக வார்த்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கு, கூ, மு, மூ மாதிரி உகர ஊகார எழுத்துகள் மெய்யோடு ஒட்டி உருமாறும். 18 மெய்க்கு இரண்டென்று 36 தனி அச்சு அங்கேயே போய்விடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, பழைய ணா, றா, னா, லை வடிவங்கள் நினைவிருக்கும். அவற்றுக்கும் தனி அச்சு. கிரந்த எழுத்துகள் வேறு.

1713இல் யோகான் அட்லர் என்ற அச்சாளர் வர, தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த ஆண்டே 'அக்கியானம்' என்ற சிறுநூல் அச்சானது. ஆனால் ஹாலே எழுத்துகள் பெரியவை. அளவுக்கு மீறித் தாள் தின்றன. கணக்கு எளிது: எழுத்தின் உயரமும் அகலமும் பாதியானால், தாள் கால் பங்கு போதும். தாளோ கப்பலில் வரவேண்டிய பொருள்.

அட்லர் பக்கத்துப் பொறையாறில் வார்ப்படம் போட்டு, சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு என்ன செய்தார்? லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்வோம்.

[திரையில்: அச்சுப் பக்கங்கள், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அருகருகே]

இந்த மாற்றம் புத்தகத்திலேயே தெரியும். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 'அஞ்சு வேத பொஸ்த்தகம்' என்ற பெயரில் பெரிய எழுத்தில் வந்தன. அதற்கு அடுத்து வரும் நிருபங்களிலிருந்து, அதாவது கடிதங்களிலிருந்து, எழுத்து சிறுத்துவிடுகிறது. 1715இல் மீதி முடிந்தது. அப்போது சீகன்பால்கு ஊரிலேயே இல்லை; 1714 அக்டோபரில் ஐரோப்பா கிளம்பிவிட்டார். முடித்து வைத்தவர் அவருடைய சகா கிரண்ட்லர்.

தாள் பிரச்சினைக்குப் பொறையாறிலேயே ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள். கந்தல் துணியை ஊறவைத்து, கூழாக இடித்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து காயவைப்பது அந்தக் காலத்து முறை. தாள் வெளுப்பாக வர வேண்டுமென்றால் சுத்தமான தண்ணீர் நிறைய வேண்டும், ஆள்செலவும் அதிகம். பட்டறை நீடிக்கவில்லை. 'கடுதாசிப் பட்டறை' என்ற பெயர் மட்டும் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

மையும் ஒரு விஷயம். ஓலையில் கீறிவிட்டுத் தடவும் கரி இங்கே உதவாது. தண்ணீரில் கரைத்த மை உலோகத்தில் திரண்டு உருளும். ஆளிவிதை எண்ணெயைப் பிசுபிசுப்பாகக் காய்ச்சி, விளக்குப் புகைக்கரியைச் சேர்த்து அரைத்தால்தான் எழுத்தின் முகத்தில் ஒட்டும்.

ஐரோப்பாவில் சீகன்பால்கு சும்மா இருக்கவில்லை. கூடப் போன மலையப்பன் என்ற தமிழரின் உதவியோடு லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் தயாராகி, 1716இல் ஹாலேயில் அச்சானது. அதற்கு முன்பே, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவாக எழுதி அனுப்பியிருந்தார். ஹாலேயிலிருந்து மிஷனுக்கு ஆதரவு கொடுத்த தலைவர் பிராங்கேவுக்குப் பிடிக்கவில்லை: இவர்களை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். அந்தக் கையெழுத்துப் பிரதி 1867 வரை தூங்கி, பிறகு சென்னையில் அச்சேறியது. இன்றைக்கு ஆய்வாளர்கள் அதிகம் புரட்டுவது அதைத்தான்.

[திரையில்: புதிய எருசலேம் ஆலயம், தரங்கம்பாடி]

திருமணம் முடித்து 1716இல் திரும்பினார். முதலில் கட்டிய எருசலேம் ஆலயம் சிறியது; 1717இல் புதிதாக அடிக்கல் போட்டு, 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார். அதற்குள் கோபன்ஹேகனிலிருந்து மிஷன் செயலாளர் வென்ட் கடிதத்தில் கடிந்துகொள்ளத் தொடங்கியிருந்தார். கட்டடம் எதற்கு, செலவு எதற்கு, மிஷனரி கையில் காசில்லாமல் நடந்து போய்ப் பிரசங்கிக்க வேண்டாமா என்ற தோரணை. உடம்பு ஏற்கெனவே விழுந்திருந்தது.

பழைய ஏற்பாட்டையும் கையில் எடுத்திருந்தார். முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் என்ற புத்தகம் வரை வந்திருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார், வயது 36. புதிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ரூத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து மிஷனரி பெஞ்சமின் ஷுல்ட்சே எடுத்துச் சென்றார். 1728இல் முழு பைபிளும் தமிழில் அச்சாகி முடிந்தது.