‘சகுரன்’ படத்தின் வண்ணங்கள் உண்மையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஜப்பானியப் படங்களைப் பற்றிய பேச்சில் ‘சகுரன்’ படத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்துவிட்டு நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “படம் முழுக்கச் சிவப்பும் தங்கமுமாகக் கண்ணைப் பறிக்கிறது. பின்னணியில் ஜாஸும் ராக்கும் ஒலிக்கின்றன. எடோ காலத்துக் கணிகையர் உண்மையிலேயே இப்படித்தான் வாழ்ந்தார்களா? இல்லை, துயரத்துக்கு ஜரிகை கட்டி விற்கிறார்களா?”

நியாயமான சந்தேகம்தான். (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். எடோ காலம் என்றால் 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை.) படத்தின் வண்ணங்கள் சரித்திரப்படி சரியானவை அல்ல. ஆனால் அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. என் புகார் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 2007இல் வெளிவந்த படம் இது. மொயோகோ அன்னோவின் மாங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைத் தழுவியது. இயக்குநர் மிகா நினகாவா அடிப்படையில் புகைப்படக் கலைஞர். இதுதான் அவருடைய முதல் படம். இசை ஷீனா ரிங்கோ. எடோ நகரின் கணிகையர் குடியிருப்பான யோஷிவாராவுக்குச் சிறுமியாக விற்கப்பட்ட ஒருத்தி, யாருக்கும் அடங்காத வாயோடும் கோபத்தோடும் வளர்ந்து, ஒய்ரான் என்ற உயர்நிலைக் கணிகையாவதுதான் கதை. அன்னா சுச்சியா நடித்திருக்கிறார்.

எடுத்த எடுப்பிலேயே, நுழைவாயிலுக்கு மேலே கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்கள் நீந்துகின்றனவே, அது கற்பனை. உண்மையான பெருவாயில் மரத்தால் ஆனது. ஆனால் அந்த வாயிலில் நடந்தது எந்தக் கற்பனைக்கும் குறைந்ததல்ல. யோஷிவாராவைச் சுற்றிலும் அகழி. உள்ளே போக, வெளியே வர அந்த ஒரே வழி. பக்கத்திலேயே காவல் சாவடி. வேடிக்கை பார்க்க வரும் வெளியூர்ப் பெண்கள்கூடக் கையில் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் திரும்பிப் போக முடியும். அவர்களோடு கலந்து கணிகை ஒருத்தி நழுவிவிடக் கூடாதே!

அரசு அனுமதியோடு 1617இல் உருவான குடியிருப்பு இது. 1657இல் எடோவையே விழுங்கிய பெருந்தீக்குப் பிறகு, ஊருக்கு வெளியே அசகுசாவின் வடபுறத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே நடுத்தெருவில் ஆண்டுதோறும் வசந்தத்தில் செர்ரி மரங்களைக் கொண்டுவந்து நடுவார்கள். கன்றுகளை அல்ல, பூக்கும் பருவத்து மரங்களையே வேரோடு தூக்கி வந்து வரிசையாக நட்டு, வேலி கட்டி, விளக்கு வைப்பார்கள். பூ உதிர்ந்ததும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உதிர்ந்த மரம் கண்ணில் பட்டால் வியாபாரத்துக்கு ஆகாது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இது அங்கே வழக்கமாக இருந்தது. ஹிரோஷிகே போன்ற ஓவியர்கள் அந்தக் காட்சியை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், நினகாவா போட்ட செட் அதிகப்படியா? அந்த இடமே ஒரு செட்தான். அதனால்தான் ராக் இசையும் பிளாஸ்டிக் போன்ற சிவப்பும் எனக்கு உறுத்தவில்லை. பழுப்பு நிறத்தில், புல்லாங்குழல் ஒலிக்க, பணிவாக எடுத்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஒரே ஒரு சங்கதி மட்டும் படத்தைவிட நிஜத்தில் விசித்திரம்: உதட்டுச் சாயம். குசும்பப் பூவிலிருந்து எடுத்த சிவப்பு அது. விலை மிக அதிகம். கீழுதட்டில் அதை அடுக்கடுக்காகப் பூசினால் ஒரு கட்டத்தில் சிவப்பு மறைந்து, வண்டின் சிறகு போலப் பச்சையாக மினுங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுதான் நாகரிகம். அவ்வளவு சாயம் வாங்க வக்கில்லாத பெண்கள் அடியில் கறுப்பு மையைத் தடவி, மேலே கொஞ்சம் சாயம் பூசிச் சமாளித்தார்கள். எண்ணெய் விளக்கின் மங்கலில் யாருக்குத் தெரியப் போகிறது!

சரி, இந்த மினுக்குக்கெல்லாம் பணம் யார் கொடுத்தது? படம் இதில் அவ்வளவாகத் தங்கவில்லை. பெண்ணை வாங்கும்போது விடுதி அவள் பெற்றோர் கையில் கொடுத்த முன்பணம்தான் அவளுக்கு முதல் கடன். பத்தாண்டு ஒப்பந்தம் என்று பேச்சு. அதன் மேல் கிமோனோ, கொண்டை ஊசிகள், படுக்கை, அவளுக்குப் பணிவிடை செய்தபடி கூடவே அலையும் சிறுமிகளின் சோறு, துணி எல்லாம் அவள் கணக்கில் ஏறும். திருவிழா நாள்களில் கட்டணம் இரட்டிப்பாகும். அன்றைக்கென்று வாடிக்கையாளர் வரவில்லையா, அந்தக் கட்டணத்தை அவளே விடுதிக்குக் கட்ட வேண்டும்! ஆகவே அந்த ஊர்வலக் காட்சியில் உயரமான கறுப்பு மரச் செருப்பில், வெறுங்காலோடு, அரைவட்டம் போட்டு நடக்கிறாளே, அந்தப் பட்டின் ஒவ்வொரு மடிப்பும் கடன்தான். படம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை என்றாலும், உடை அவளை அழுத்துவதை உடல்மொழியில் காட்டிவிடுகிறது. அன்னா சுச்சியா கிமோனோவை அணிந்திருப்பது போல் நடக்கவில்லை. சுமப்பது போல் நடக்கிறார்.

என் புகாருக்கு வருகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் கதாநாயகி, தன்னைப் பெரும்பணம் கொடுத்து மீட்கத் தயாராக நிற்கும் பிரபுவை விட்டுவிட்டு, மனசுக்குப் பிடித்தவனோடு கிளம்பிவிடுகிறாள். திரையில் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் துணிச்சல் போதும், கதவு திறந்துவிடும் என்ற எண்ணத்தை அது தருகிறது. யோஷிவாராவில் துணிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. 1849இல் ஒரு விடுதியில், உரிமையாளனின் கொடுமை தாங்காமல் 16 பெண்கள் ஒன்றாகப் பேசி முடிவெடுத்து, கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். வைத்துவிட்டு ஓடவில்லை, தாங்களாகவே போய் அதிகாரிகளிடம் சொன்னார்கள். சிலர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகள் வழக்கில் சாட்சியங்களாயின. தண்டனை அவர்களுக்கும் உண்டு, உரிமையாளனுக்கும் உண்டு. வெளியே வர அவர்களுக்குக் கிடைத்த வழி அது. பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. டோக்கியோவின் மினோவாவில் ஜோகன்ஜி என்ற கோயில் இருக்கிறது. ஆதரவின்றி இறந்த யோஷிவாராப் பெண்கள் சுமார் 25,000 பேர் அங்கே அடக்கமானதாகச் சொல்கிறார்கள்.

இன்னொருவர் ‘கெய்ஷா படம்’ என்று எழுதியிருக்கிறார். இல்லை. கெய்ஷா என்பவர் இசை, நடனக் கலைஞர். யோஷிவாராவில் அவர்களும் இருந்தார்கள், ஆனால் தொழில் வேறு. இடுப்புப் பட்டையை ஒய்ரான் முன்பக்கம் முடிச்சிடுவார், கெய்ஷா பின்பக்கம்.

‘சகுரன்’ பிடித்திருந்தால் அடுத்து கென்ஜி மிசோகுச்சியின் கடைசிப் படத்தைத் தேடிப் பாருங்கள். அதே யோஷிவாரா, ஆண்டு 1956, கறுப்பு வெள்ளை, கிமோனோவுக்குப் பக்கத்தில் கவுன். விபசாரத் தடைச் சட்டம் வருமா வராதா என்ற விவாதம் வானொலியில் ஓடிக்கொண்டிருக்க, விடுதிப் பெண்கள் கடன் கணக்குப் பார்க்கிறார்கள். படம் வெளியான அதே ஆண்டில் சட்டமும் நிறைவேறியது. இரண்டுமே வயது வந்தோருக்கானவை. வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.