68 சென்ட் தபால்தலையும் நீதிபதி மோட்லியும்

வணக்கம் நேயர்களே! பார்சல் வந்துவிட்டது. கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி தபால்தலை! அமெரிக்க அஞ்சல்துறை 2024 ஜனவரியில் வெளியிட்டது, கறுப்பின ஆளுமைகள் வரிசையில் 47ஆவது. அன்றைய விலை 68 சென்ட். அனுப்பும் செலவுக்கு விற்றவர் கேட்டதோ இருபது மடங்குக்கும் மேல்! "பாதுகாப்பான உறை" என்றார். வந்தது சாதாரணத் தபால் உறை, உள்ளே ஓர் அட்டைகூடக் கிடையாது. மூலை மடங்காமல் வந்தது என் அதிர்ஷ்டம், அவருடைய சாமர்த்தியம் அல்ல. இது ஸ்டிக்கர் வகை வேறு. தண்ணீரில் ஊறவைத்தாலும் ஒழுங்காகக் கழன்று வராத இந்த வகை எனக்கு ஆகவே ஆகாது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே. மோட்லிக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

இவரைப் பற்றி யார் பேசினாலும் "கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண், 1966" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். அதற்கு முன் அவர் வழக்கறிஞராகச் செய்ததெல்லாம் எங்கே போயிற்று? 1945இல், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷலிடம் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினையை வீழ்த்திய பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் இவர். 1962இல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் மெரிடித், அதுவரை வெள்ளையர்களை மட்டுமே சேர்த்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது இவர் நடத்திய வழக்கால். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9இல் வென்றார். தோற்றது, ஜூரித் தேர்வில் (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவைத் தேர்ந்தெடுப்பதில்) கறுப்பினத்தவரை ஒதுக்குவது பற்றிய ஸ்வெயின் வழக்கு ஒன்றில்தான். அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியையும் 1986இல் அதே நீதிமன்றம் கைவிட்டது.

அடடா, பிளேக்ஸ்லியை விட்டுவிட்டேனே! மோட்லியின் அப்பா யேல் மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டவர். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. நியூ ஹேவன் சமூக மையத்தில் ஒரு கூட்டம். மையத்தை நடத்துவதில் கறுப்பினத்தவருக்குப் பங்கே இல்லை என்று இந்தப் பெண் எழுந்து பேசினார். அந்த மையத்துக்குப் பணம் கொடுத்த வெள்ளையரான பிளேக்ஸ்லி அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை, படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்!

எனக்கு மிகப் பிடித்தது 1975 விவகாரம். பெண் வழக்கறிஞர்களிடம் பாகுபாடு காட்டியதாக ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் மேல் வழக்கு, நீதிபதி மோட்லி. "நீங்கள் கறுப்பினப் பெண், பாகுபாட்டை அனுபவித்தவர், விலகிக்கொள்ளுங்கள்" என்றது நிறுவனத்தரப்பு. என்ன துணிச்சல்! இனமும் பாலினமும்தான் விலகக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் இதை விசாரிக்க முடியாது என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆண் நீதிபதிக்கு மட்டும் பாலினம் கிடையாதா என்ன? கடைசியில் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.