மேலே அவகாடோ, கீழே காலிக்குடம்

வணக்கம் மக்களே. என் கையில் இருப்பது அவகாடோ, நம் ஊர் பட்டர் ஃப்ரூட். கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டங்களில் மழையை நம்பி வளர்கிற மரம் இது. இதே மரத்தை மழை குறைவான மலையில் ஏற்றியதால் என்ன ஆனது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

சிலி நாட்டில், தலைநகர் சாந்தியாகோவுக்கு வடக்கே, பெதோர்க்கா என்று ஒரு பள்ளத்தாக்கு. முன்பு ஆற்றை ஒட்டிய சமவெளியில்தான் விவசாயம். 1990களில் ஏற்றுமதி சூடுபிடித்ததும் தோட்டங்கள் வறண்ட மலைச்சரிவுகளில் ஏறின. கீழே கிணறு தோண்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிச் சொட்டுநீர் பாய்ச்சினார்கள். சொட்டுநீர் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்றுதானே கேட்டிருக்கிறோம்? மிச்சமானது ஆற்றுக்குத் திரும்பவில்லை. அடுத்த சரிவிலும் கன்று நட்டார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1981இல், பினோசேயின் ராணுவ ஆட்சியில் வந்தது. நிலம் தனி, தண்ணீர் உரிமை தனி. அரசு இலவசமாகக் கொடுத்த உரிமையைக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். நம் ஊரில் வயலை வாங்கினால் கிணறும் சேர்ந்து வரும். அங்கே ஆற்றங்கரையில் நிலம் இருந்தும் ஒரு வாளி பாய்ச்ச உரிமை இல்லாமல் போகலாம். எனக்கு இதுதான் மனசு ஆறவில்லை.

2010 முதல் மழையும் பொய்த்தது. வறட்சி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே மரம் பச்சையாக நிற்க, கீழே சிறு விவசாயியின் கிணறு வற்றினால் அதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியுமா? ஊர்களுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர். குளிக்க, துவைக்க, சமைக்க, கழிப்பறைக்கு எல்லாம் அதற்குள்தான். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்துப் பேசியவர்களில் ரொட்ரிகோ முந்தாகா முக்கியமானவர். வேளாண்மை படித்தவர், கொலை மிரட்டல்களைத் தாண்டி நின்றவர். 2019இல் நியூரம்பெர்க் மனித உரிமை விருது கிடைத்தது. 2021இல், பெதோர்க்கா அடங்கிய வால்பரைசோ பகுதிக்கே ஆளுநராக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2022இல் சட்டமும் திருத்தப்பட்டது. குடிநீருக்கு முதலிடம், புதிய உரிமைகளுக்கு 30 ஆண்டு வரம்பு. பழைய உரிமைகளுக்கு அந்த வரம்பு கிடையாது.

சரி, அடுத்த முறை அவகாடோ வாங்கும்போது எந்த ஊர்ப் பழம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்ட்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.