புது நகரில் வாடகை வீடு: எந்த வட்டாரம், எந்த நேரம்?

(காட்சி: பெருநகரம் ஒன்றின் வரைபடம். அதில் அலுவலகத்தைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி.)

வேலை கிடைத்துவிட்டது, சேர வேண்டிய தேதியும் முடிவாகிவிட்டது, நகரமோ உங்களுக்கு முற்றிலும் புதியது. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, வாடகை வீடுகளுக்கான செயலியைத் திறந்து, கைக்கு அடங்கும் வாடகையில் உள்ள வீடுகளின் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்ப்பதுதான். பால்கனி இருக்கிறதா, சமையலறை மேடை அகலமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒரு வீட்டின்மேல் மனம் ஒட்டிக்கொண்ட பிறகு, அது இருக்கும் இடத்துக்கு நாமே நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று சொல்லவே இந்த வீடியோ. வீட்டின் குறைகளில் பலவற்றைத் திரை போட்டும் மேசையை இடம் மாற்றியும் சமாளித்துக்கொள்ளலாம். வட்டாரத்தின் குறையை வாடகைக்கு இருப்பவர் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. ஆகவே முதலில் வட்டாரத்தை முடிவு செய்ய வேண்டும். அதையும் கிலோமீட்டர் கணக்கில் பார்க்காமல் மணிக்கணக்கில் பார்க்க வேண்டும்.

நகர மையத்திலிருந்து விலக விலக வாடகை ஏன் குறைகிறது என்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே விளக்கம் கிடைத்துவிட்டது. சந்தைக்கு அருகில் உள்ள விளைநிலத்துக்கு ஏன் கூடுதல் குத்தகை கிடைக்கிறது என்பதை ஜெர்மானியப் பொருளியலாளர் வான் தூனன் 1826இல் ஆராய்ந்தார். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு குறைவதால், அந்த மிச்சம் நில உரிமையாளருக்குக் குத்தகையாகப் போய்ச் சேருகிறது என்று அவர் காட்டினார். அதே கருத்தை 1964இல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ நகர நிலத்துக்குப் பொருத்தினார். தொலைவில் மலிவாக ஒரு வீடு கண்ணில் பட்டதும் நமக்கு ஏதோ அதிர்ஷ்டம் அடித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த மலிவுக்குள் நாம் நாள்தோறும் போய்வர வேண்டிய சிரமத்தின் விலை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பெருநகரங்களில் வேலை தரும் மையங்கள் பல என்பதால், ஊரின் மையத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவு என்பதைவிட, உங்கள் வேலையிடத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே கேள்வி. ஊர் மையத்தை நோக்கி ஓடுவோர் கொடுக்கும் வாடகையை, அங்கே வேலை இல்லாத நீங்களும் கொடுக்கத் தேவையில்லை.

(காட்சி: இரண்டு வீடுகள். ஒன்றிலிருந்து அலுவலகத்துக்கு 20 நிமிடம், மற்றொன்றிலிருந்து 70 நிமிடம்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரு வழிப் பயணத்தில் 50 நிமிட வித்தியாசம் இருக்கிறது. போக வர நாளொன்றுக்கு 100 நிமிடம் ஆகிறது. மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்றால் 2,200 நிமிடம், அதாவது 36 மணி 40 நிமிடம். ஏறக்குறைய ஒரு முழு வேலை வாரம் ஒவ்வொரு மாதமும் சாலையில் கழிகிறது. இப்போது இரண்டு வாடகைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, தொலைவான வீட்டுக்கு ஆகும் கூடுதல் பயணச் செலவை அதிலிருந்து கழித்து, மீதியை 36.7ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகைதான் உங்கள் ஒரு மணி நேரத்தை நீங்கள் விற்கும் விலை. அந்த விலைக்கு விற்கச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளலாம். சிலருக்குச் சம்மதமாகவே இருக்கும், அதில் தவறேதும் இல்லை. விலை தெரியாமல் விற்பதுதான் தவறு.

இந்தக் கணக்கில் மனிதர்கள் ஏமாந்துபோவது புதிதன்று. புருனோ ஃபிரை, அலோய்ஸ் ஸ்டட்ஸர் என்னும் இரு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட குடும்பத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணம் செய்வோருக்கு நல்ல வீடோ நல்ல சம்பளமோ ஈடாக இருக்கும் என்பதே பொருளியலின் எதிர்பார்ப்பு. ஆனால் பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கை குறித்த மனநிறைவு குறைந்துகொண்டே போனதாக அவர்கள் கண்டார்கள். பெரிய வரவேற்பறை சில மாதங்களில் பழகிப்போகிறது, நெரிசலோ அவ்வளவு எளிதில் பழகுவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பதை, போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஜஹாவியின் கண்டறிதல்களைப் பின்பற்றி, இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் விளக்கினார். நடையாக மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம் என்பதால், பழங்கால நகரங்கள் மையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்குள் அடங்கின என்பது அவருடைய வாதம். ரயிலும் காரும் வந்தபோது மிச்சமான நேரத்தை மக்கள் வீட்டில் செலவிடவில்லை, இன்னும் தள்ளிக் குடிபோனார்கள். ஒரு வழிக்கு அரை மணி என்பது இயல்பாகத் தாங்கும் அளவு என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் கேளுங்கள்.

(காட்சி: வரைபடத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ரயில் தடங்கள்.)

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் அது மதிய நேரத்தையே காட்டும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நாளையும் மணியையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் “40 முதல் 75 நிமிடம்” என்று வந்தால் 75 என்பதையே உங்கள் பயண நேரமாகக் கொள்ளுங்கள், ஏனெனில் தாமதமாகக் கூடாதவர் மோசமான நாளை மனத்தில் வைத்தே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். பொதுப் போக்குவரத்தை நம்பியிருப்போர் வேகத்தைவிட வண்டிகளுக்கு இடையிலான இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒன்று வரும் பேருந்துக்கு நேரம் பார்க்காமல் போய் நின்றால் சராசரியாக 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். வழியில் மாறி ஏற வேண்டியிருந்தால் அந்தக் காத்திருப்பு இன்னொரு முறையும் வரும். தடங்கள் யாவும் மையத்தில் போய்க் கூடும் நகரங்களில், வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரு புறநகர்களுக்கு இடையே போக, மையம் வரை போய்த் திரும்ப நேரலாம். காலையில் கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் உங்கள் வேலையிடம் அமையுமாறு வீடு கிடைத்தால், உட்கார்ந்து போகும் வாய்ப்பும் கூடும்.

வீட்டில் வேலைக்குப் போவோர் இருவர் என்றால் இரண்டு அலுவலகங்களுக்கும் சரிபாதித் தொலைவைத் தேடுவது வழக்கம். அது எப்போதும் நல்லதன்று. இருவருக்கும் தலா 50 நிமிடம் என்று பங்கிடுவதைவிட, இரண்டு இடங்களையும் நேராக இணைக்கும் ஒரே ரயில் தடத்தின்மேல் குடியிருப்பது பெரும்பாலும் மேலானது.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக் கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. இது அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் இருப்போரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்காக எழுந்த வரம்பு. 1969இல் 25 சதவீதமாக இருந்து, 1981இல் 30 ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் நிலைமைக்கு என்று வகுத்த எண் அன்று அது. வாடகையையும் பயணச் செலவையும் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமானது. சிகாகோவில் உள்ள ‘சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி’ என்னும் அமைப்பு, இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது.

(காட்சி: ஒரே தெரு, முதலில் பகலில், பிறகு அதிகாலையில்.)

வட்டாரம் இரண்டு மூன்றாகச் சுருங்கியதும் நேரில் போய்ப் பாருங்கள். எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈ காக்கை இல்லாத தெருவில் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு அன்றே முன்பணம் கொடுத்தேன். குடிபோன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு, படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் சரக்கு லாரி ஒன்று பின்னோக்கி வரும்போது எழுப்பும் ‘பீப் பீப்’ ஒலியில் விழித்தேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. வாரத்தில் ஆறு நாட்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்துதான் லாரிக்காரர்களுக்குச் சரக்கு இறக்கும் இடம். நான் பார்க்கப் போனது ஏழாவது நாளில். சாலை இரைச்சல் இரவில் வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. அந்தச் சந்தில் அளந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று நினைக்கவே சிரிப்பு வருகிறது.

எனவே வேலை நாள் காலை ஒருமுறை, இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா, திறந்திருக்கும் கடை உண்டா, நடந்து போகும் பெண்கள் கண்ணில் படுகிறார்களா என்று கவனியுங்கள். மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. தரைத்தளச் சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சொல்லிவிடும். தரகரிடம் கேட்பதைவிட, தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் கேட்டால் உண்மை கிடைக்கும், அவருக்கு இதில் கமிஷன் இல்லை.

தொலைவில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் செய்ய முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் முதல் ஓரிரு மாதங்களுக்கு, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், அலுவலகத்துக்கு அருகில் ஒரு தற்காலிக அறையில் தங்கிக்கொண்டு தேடுவதை நான் பரிந்துரைக்கிறேன். நேரில் பாராத வீட்டுக்கு எக்காரணம் கொண்டும் பணம் அனுப்ப வேண்டாம். “இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்பினால்தான் கிடைக்கும்” என்று எதிர்முனையில் ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த நான்கு பேரில் ஒருவருக்கே வீடு போகட்டும்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. குறித்த காலத்துக்கு முன்பே காலி செய்தால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கப்படும் என்பதே அது. என்னுடைய ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது, நான் அதைப் படித்தது லாரி வந்த பிறகுதான்.