வீட்டுக் கோழி குடும்பத்துக்குக் கைகொடுக்கிறது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொழுது சாய்ந்ததும் கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம். எல்லாருக்கும் காணும் பொங்கல் வாழ்த்துகள்.

'வீட்டில் கோழி வளர்ப்பது குடும்பத்துக்குக் கைகொடுப்பதா, கவலை கொடுப்பதா?' இதுதான் இன்றைய தலைப்பு. கைகொடுப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய சகோதரர் முட்டைக் கணக்கு சொன்னார். நாமக்கல்லில் இருந்து லாரி லாரியாக முட்டை வருகிறது, தெருமுனைக் கடையில் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு வருஷம் முழுக்கக் கோழியின் பின்னால் ஓட வேண்டும் என்றார். அடுத்து வந்த சகோதரி, வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி என்றார். நாய், கீரி, பருந்து, பக்கத்து வீட்டுச் சண்டை, இரண்டு நாள் ஊருக்குப் போய்வர முடியாத நிலை என்று அடுக்கினார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நானும் கோழி வளர்க்கிறவள்தான், அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் நடுவர் அவர்களே, அவர் அடுக்கிய கவலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. அதுவும் நம் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலேயே இருக்கிறது. கோழி கொடுக்கிற காசுக்கு ஈடாக வேறொன்றைத்தான் என்னால் காட்ட முடியவில்லை.

காசுக்கே முதலில் வருகிறேன். நம் பக்கத்துப் பெண்கள் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். அந்தச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே குழுத் தவணை, வாடகை, பிள்ளைகளின் செலவு என்று பங்கு பிரிந்துவிடும். நடுவில் ஒரு செலவு வந்தால்? பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல். சொந்தத்தில் ஒரு சாவு, மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாட்டை விற்கலாம் என்றால் செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தை வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆட்டை விற்கலாம் என்றால் கே.வி.குப்பம் சந்தை திங்கட்கிழமை. அதுவும் போக, 500 ரூபாய்த் தேவைக்கு யாராவது மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்களா? கோழிக்குக் கிழமை கிடையாது. "இன்னாம்மா, சேவல் கீதா?" என்று வாசலுக்கே வந்து கேட்டு, தராசில் தூக்கிப் பார்த்து, காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் காசு யார் கைக்கு வருகிறது என்பதைத்தான் சகோதரர் கணக்கில் சேர்க்கவில்லை. மாடு விற்ற காசும் நெல் விற்ற காசும் வீட்டு ஆண்பிள்ளையின் சட்டைப்பைக்குப் போகும். கோழி விற்ற காசு அம்மாவின் சுருக்குப்பைக்குப் போகும். அதற்கு அவள் யாரிடமும் கணக்கு சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார், மகன் வீட்டில்தான் இருக்கிறார், மகனும் நல்லவர்தான். ஆனாலும் சர்க்கரை மாத்திரைக்கு மகனிடம் காசு கேட்கக் கூச்சம். ஆறு பெட்டை வைத்திருக்கிறார். முட்டைக் காசில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார், மிச்சத்தில் பேத்திக்கு மல்லாட்டை உருண்டை வாங்கித் தருகிறார். அந்த வயதில் அவர் நிமிர்ந்து உட்கார்வதற்கு அந்த ஆறு பெட்டையும் காரணம்.

சரி, முட்டைக் கணக்கு. நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நம் வீட்டில் வளரும் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி அடைக்கு 12, 15 என்று வருஷத்துக்கு மூன்று நான்கு முறை இடும், அவ்வளவுதான். சகோதரர் இங்கேயே நிறுத்திக்கொண்டார். பண்ணைக் கோழி தின்னும் தீவனம் முழுக்க விலைக்கு வாங்கியது. நம் கோழிக்கு நாம் வாங்குவது என்ன? காலையில் ஒரு பிடி நொய்யோ கம்போ. மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்: களத்தில் சிந்திய நெல், எருக்குழிப் புழு, கரையான், கீரைத் தண்டு, நாம் கழுவிக் கொட்டும் பருக்கை. பிராய்லரைப் போல 40 நாளில் அது எடைக்கு வராது, ஐந்தாறு மாதம் ஆகும். அதனால்தான் அதற்குப் பிராய்லரை விட இரண்டு மூன்று பங்கு விலை. நம் ஊர்ப் பெண்கள் இதிலும் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். கார்த்திகையில் பொரித்த குஞ்சு வைகாசிக்குச் சேவலாகிவிடும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீட்டுக்கு வீடு உறவுக்காரர்கள் வந்து இறங்கும்போது கேழ்வரகுக் களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு இல்லாமல் முடியுமா? அப்புறம் ஆடியில் கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமைகள். அப்போது கேட்ட விலைக்குச் சேவல் போகும்.

இப்போது சகோதரி சொன்ன கழிச்சலுக்கு வருகிறேன். அவர் அதைச் சொன்னபோது அரங்கமே அமைதியானதைப் பார்த்தேன், ஏனென்றால் இங்கே அதை அனுபவிக்காத வீடு குறைவு. நேற்று மேய்ந்த கோழி இன்று இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். தப்பிப் பிழைத்தாலும் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத மந்தையில் பத்துக்கு ஒன்பது போய்விடும். வந்த பிறகு மருந்து இல்லை. இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் வருமுன் தடுப்பதற்கு ஊசி இருக்கிறது. அது எங்கே தயாராகிறது? இங்கே ராணிப்பேட்டையில். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. மாநிலத்துக்கே மருந்து தயாரித்து அனுப்பும் இடம் பக்கத்தில் இருக்க, அதே ஊசி போடாமல் நம் கோழிகள் சாகின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. ஒரு கோழிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

சகோதரி உடனே கேட்பார், "ஊசி போட்டும் செத்ததே?" என்று. நியாயமான கேள்வி. பக்கத்துத் தெருவில் நோய் வந்த பிறகு பயந்துகொண்டு போடுகிறோம். அதற்குள் நம் கோழிக்கும் கிருமி தொற்றியிருக்கும், வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான். தொற்றி ஐந்தாறு நாள் கழித்துத்தான் அறிகுறியே தெரிய ஆரம்பிக்கும். பழி ஊசி மேல் விழுகிறது. இன்னொன்று, அது உயிருள்ள மருந்து, ஐஸில் இருக்க வேண்டும். வேலூர் வெயிலில் பையில் போட்டு மத்தியானம் வரைக்கும் சுற்றினால் மருந்து செத்துவிடும், வெறும் தண்ணீரைத்தான் குத்துகிறோம். அதனால்தான் விடியற்காலையில் போடச் சொல்கிறார்கள். கூண்டு திறப்பதற்கு முன்பு என்றால் பிடிப்பதும் சுலபம், துரத்திக்கொண்டு முள்ளுக்குள் ஓட வேண்டியதில்லை.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கினால் பெரும்பாலும் 100 குஞ்சுக்கான புட்டிதான் கிடைக்கும், நம்மிடம் இருப்பதோ பத்துக் குஞ்சு. கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழி செய்தோம். நாலைந்து வீடு பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வைத்தோம். 21 நாளில் எல்லா வீட்டிலும் குஞ்சு பொரித்தது, ஏழாம் நாள் ஒரு புட்டியை வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். கோழியால் பக்கத்து வீட்டோடு சண்டை வருகிறது என்றாரே சகோதரி, அந்தப் புட்டியில் பங்கு போட்டவர்களில் ஒருவர், என் கோழி அவர் கத்தரி நாற்றைக் கிளறிவிட்டதால் என்னோடு பேசாமல் இருந்தவர். நாற்று இருக்கிற வரைக்கும் கோழியை மத்தியானத்துக்கு மேல்தான் திறந்துவிடுவேன் என்று ஒப்புக்கொண்டேன், சண்டை தீர்ந்தது.

செத்த கோழியை என்ன செய்கிறோம் என்பதையும் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும். ஓடையில் வீசுகிறோம், நாய் இழுத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போகிறது. இல்லையென்றால், ஒன்று சோர்ந்தவுடன் மிச்சமிருப்பதை அவசரமாக விற்றுத் தள்ளுகிறோம், அது அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோகிறது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் கோழி கவலை கொடுக்கிறது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது வெயில். இதை எதிரணி விட்டுவிட்டது, நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கவலை இது. சித்திரை, வைகாசியில் அடை வைத்தால் பாதிக்கு மேல் குஞ்சு பொரிக்காத கூமுட்டை. கோழி மேல் குற்றம் சொல்கிறோம், சேவல் சரியில்லை என்கிறோம். முட்டையைச் சமையல்கட்டுச் சூட்டில் பத்து நாள் சேர்த்து வைத்தால் அடைக்கு முன்பே உள்ளே கரு வளர ஆரம்பித்துச் செத்துப்போகும். என் மாமியார் ஓர் அகல மண்சட்டியில் மணலைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மேலே பருத்தித் துணி விரித்து, அதில்தான் முட்டையை அடுக்குவார். கோடையில் ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்கவே மாட்டார். அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்து, விரலால் சுற்றிலும் மறைத்துப் பார்ப்போம். கரு கட்டிய முட்டையில் சிவப்பு நரம்பு நாலாபக்கமும் மெல்லிசாக ஓடும், நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். கட்டாத முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாக நிற்கும், அதை எடுத்துவிடலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டிவியை விட்டுவிட்டு ஓடி வருவது இதற்குத்தான். அடைக்கோழிக்குச் செள்ளுப்பூச்சித் தொல்லை உண்டு. அடைக்கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போட்டுவிட்டால் அது நிம்மதியாக உட்காரும். தாகத்துக்கு நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர், நாளுக்கு இரண்டு தடவை மாற்றினால் போதும்.

பறவைக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலே ஊரே பயப்படுகிறது என்று சகோதரர் சொன்னார். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் வந்தது உண்மை. நாம் எல்லையில் இருக்கிறவர்கள், பயம் இருக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட நேரத்தில் ஏரிக்கரையில் மேய விடாமல், நீர்ப்பறவைகளோடு சேர விடாமல் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் கோழிகள் மொத்தமாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். நன்றாக வெந்த முட்டையாலும் கறியாலும் அந்த நோய் வராது.

கீரியும் பருந்தும் இருக்கின்றன, இருக்கும். தாய்க்கோழியோடு விட்ட குஞ்சில் பருந்துக்கு ஒன்றிரண்டு போவதை என்னால் முழுக்கத் தடுக்க முடியவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று நான்கு வாரம் கூடைக்குள் வைத்துக் காத்தால் மிச்சம் நிற்கும். ஊருக்குப் போக முடியவில்லை என்றாரே சகோதரி, அந்தப் புட்டியைப் பகிர்ந்த வீடுகளில் ஒன்று கூண்டைத் திறந்து மூடாதா?

கற்றுக்கொள்ள இடம் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, நாட்டுக்கோழி வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு குஞ்சு வாங்குங்கள். வனராஜா, கிராமப்ரியா போன்ற ரகங்கள் முட்டை அதிகம் இடும், ஆனால் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அந்த முட்டையை நம் சிறுவிடைக்குத்தான் அடை வைக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் பதினைந்து நாளில் பிப்ரவரி வருகிறது. எந்த அணிக்குத் தீர்ப்பு கிடைத்தாலும், இங்கே இருக்கும் தாய்மார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கு முகாம் என்றைக்கு என்று கால்நடை மருந்தகத்தில் நாளையே கேட்டு வையுங்கள். முந்தின நாள் சாயங்காலம் எல்லாக் கோழியையும் உள்ளே அடைத்து, காலையில் ஊசி போட வருகிறவரைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். சோர்ந்த கோழி இருந்தால் அதைத் தனியாக வைத்து அவரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.